கிளறன்ஸ் சுட்ட பட்டர் கேக்

கிளறன்ஸின் தொழிலே காற்றுக்கு வழி காட்டுவதுதான். ஒக்லாந்தில் எழும்புகிற பெரிய கட்டடங்களுக்குள் சூடு எங்கே ஏற வேண்டும், குளிர் எங்கே இறங்க வேண்டும் என்று படம் கீறுகிற எஞ்சினியர். காற்று வருகிற துவாரத்தை யாராவது அலுமாரி வைத்து மறைத்துவிட்டால் போதும், மனிதருக்குக் கொதி ஏறிவிடும்.

அப்பேர்ப்பட்டவர் மனைவி இமெல்டாவின் பிறந்தநாளுக்குக் கேக் சுட வெளிக்கிட்டார்.

"அவன் அடுப்பைப் பழுதாக்கிப் போடாதேங்கோ. நாளைக்குத் தம்பியின்ர கலியாணக் கேக் சுடோணும்," என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

"சூட்டைப் பற்றி எனக்கோ படிப்பிக்கிறீர்?"

மாவை அடித்துக் கேக் தட்டில் ஊற்றினார். சிந்தினால் கழுவுகிற வேலை தன் தலையில் விழுமே என்று அடுப்புக்குள் இருக்கிற கம்பித் தட்டு முழுவதையும் மூலைக்கு மூலை அலுமினிய ஃபொயில் தாளால் மூடி, அதன்மேல் கேக்கை ஏற்றினார். "விசிறி சுழலும், சூடான காத்து கேக்கைச் சுற்றி வரும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும்," என்று ஆளில்லாத குசினிக்கு விளக்கம் வேறு.

வெளியே எடுத்தால் மேலே கரி, அடியில் கூழ்.

இமெல்டா வந்து வாசலில் நின்றாள். "விசிறி பழுது. இந்த அவனை இனி நம்பேலாது," என்றார் கிளறன்ஸ் வாய் கூசாமல்.

அவள் முகம் விழுந்துபோயிற்று. கோட்டைக்கூடக் கழற்றாமல் தம்பி ஜெனிஸ்ரனுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, குறை நினையாத. கேக்குக்குக் கடையில சொல்லு..." குரல் உடைந்தது. தாயில்லாத தம்பிக்குத் தன் கையால் செய்ய அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.

பழுதைக் காட்டலாமென்று கிளறன்ஸ் அடுப்புக் கதவைத் திறந்தார். விசிறி தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. ஃபொயில் ஒரு சந்தும் விடாமல் பளபளத்தது. சீ! ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், கீழிருந்து சூடு ஏறுகிற வழியைத் தானே அடைத்து வைத்திருக்கிறான். பேசாமல் கதவைச் சாத்திவிடுவோமா என்றும் ஒரு நினைப்பு வந்தது, வெட்கங்கெட்ட நினைப்பு. ஆனால் இமெல்டா அழுதுகொண்டிருந்தாள்.

"இமெல்டா, கடையில சொல்ல வேண்டாம்," என்றார். தன் நெஞ்சில் கை வைத்தார். "அவன் நல்லா இருக்கிறான். பழுது இவன்தான்."

போனுக்குள் ஜெனிஸ்ரன் விழுந்து விழுந்து சிரிப்பது குசினி முழுக்கக் கேட்டது. இமெல்டா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருசனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, கேக் கட்டாயம் வரும். இஞ்ச அத்தானைத் தவிர வேற ஒண்டும் பழுதில்லை."