வர மறுத்தவர்

செவ்வாய்க்கிழமை, மருதமுனையில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். மருத்துவிச்சி எலிசா மிசி எட்டு மணிக்கு முன்பே கிளினிக்குக்கு வந்து மேசையைத் துடைத்து, கொப்பியைத் திறந்து வைத்துவிட்டாள். கணவனை அடக்கம் செய்த ஐந்தாம் நாளே கடமைக்குத் திரும்பியவள் அவள். நேசராசா வாத்தியாரின் மகளான தான் மூலையில் குந்தி அழுததாக எவரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். அன்று அடக்கிய அழுகை பிறகு வரவேயில்லை. சிரிப்பும் வரவில்லை.

நெசவுக்காரி ஆசியா உம்மா தனியாக வந்து நின்றாள்.

"ஸம்ஸியா எங்க?"

"மகள் இத்தாவுல இரிக்கா மிசி. மருமகன் மௌத்தாகி ரெண்டு மாசம். புள்ள பிறக்கிற வரைக்கும் அந்நிய ஆம்புளயள்ற கண்ணுல படப்படாது. இஞ்ச வாசல் முழுக்க ஆம்புளயள். அவக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. தலயிடியில கண்ணத் திறக்காள். நீங்க ஒருக்கா வந்து பாருங்களன்."

வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். அவர்களுடைய தறிச் சத்தம் கிளினிக்வரை கேட்டது.

"நானும் புரிசன இழந்தவதான் உம்மா. அஞ்சாம் நாள் இந்தக் கதிரையில வந்து இருந்தனான். உங்கட மகளுக்கு மட்டும் என்ன? கூட்டிக்கொண்டு வாங்க."

வரிசையில் நின்ற றஹீமா பக்கத்திலிருந்தவளை இடித்தாள். "மிசிட காலும் இத்தாவுல போல கா. வாசலத் தாண்டாது."

பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். எலிசா நிமிர்ந்து பார்க்கவில்லை. 'வர மறுத்தார்' என்று கொப்பியில் எழுதினாள்.

அடுத்த செவ்வாய் தறிச் சத்தம் கேட்கவில்லை. முந்தின நாள் ஸம்ஸியாவுக்கு வலிப்பு வந்ததையும், எட்டு மாதப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததையும் றஹீமா வந்து சொன்னாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை.

எலிசா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். போய்ச் சேரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளைச் சேலையில் கிடந்த ஸம்ஸியா கண்ணை மட்டும் திருப்பினாள்.

"உம்மாவ நான்தான் அனுப்பின மிசி. மிசியும் புரிசன் இல்லாதவ, அவக்கு விளங்கும் எண்டு சொன்னன்."

எலிசா நாடியைப் பிடித்தாள். "நாளைக்கும் வந்து பாக்கிறன்."

"தேவல்ல மிசி. புள்ள பிறந்தா இத்தா முடிஞ்சிரும். மையித்தாப் பிறந்தாலும் முடிஞ்சிரும். இனி நானே கிளினிக்குக்கு வரலாம்."

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அது தன்னுடைய குரல் என்று எலிசாவுக்குத் தெரிந்தது.

அவள் திரும்பி வந்தபோது கிளினிக்குக்குப் பொறுப்பான அப்போதிக்கரி அல்பேட் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"'வர மறுத்தார்' எண்டு தெளிவா எழுதியிருக்கிறீர். உம்மில ஆரும் குற்றம் சொல்லேலாது."

எலிசா பேனையை வாங்கி அதை வெட்டினாள். பக்கத்தில் 'நான் போகவில்லை' என்று எழுதினாள்.

"என்ட துக்கத்த நான் சுமந்த மாதிரித்தான் அவளும் சுமக்கோணும் எண்டு நினைச்சன் ஐயா. அது என்ட வீம்பு. அதைத்தான் கடமை எண்டு சொல்லிக்கொண்டு இருந்தன். நோயாளிட நம்பிக்கைக்கு மதிப்புக் குடுக்காட்டி, எங்கட மருந்து அவட வாசலுக்குப் போகாது. வைத்தியம் பாக்கிறவங்க முதல்ல தங்கட மனசத்தான் சோதிச்சுப் பாக்கோணும்."

அவள் கதிரையில் உட்காரவில்லை. பையோடு வாசலுக்குப் போய், யார் யார் வீட்டுக்குத் தான் வரவேண்டும் என்று பெண்களிடம் கேட்டாள்.