உள்வைரம்

தேவராஜாவுக்கு மரம் தெரியும். மெல்பேர்னில் கவுன்சில் எஞ்சினியராகச் சேர்ந்த நாளிலிருந்து இதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. தகப்பனார் யாழ்ப்பாணத்தில் பனைமரம் விற்ற மரக்காலைக்காரர். கூரைக்குப் போடும் பனை வளையைத் தட்டியே அதன் வயதைச் சொல்லுவார். அந்தக் கை தனக்கும் வந்துவிட்டதென்று மகன் தானாகவே முடிவுகட்டியிருந்தார்.

எழுபத்தாறாம் ஆண்டில், நகரோரத்து மல்கிரேவில் பழைய பண்ணைகளை மனைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பண்ணையின் நடுவே மிஸ் ஹார்ப்பரின் வீடு நின்றது. அங்கே ரோட்டும் வேலியும் வருமுன்பே அவளுடைய பாட்டனார் யூகலிப்டஸ் மரங்களைத் தறித்து, அறுக்காமல் கொள்ளாமல் முழுசாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் கட்டியது. அந்த ஒற்றை அறையில் வெண்ணெய் கடைந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமும் செய்தார்கள். நிலத்தை விற்றுவிட்டாலும் வீட்டை இழக்க அவளுக்கு மனமில்லை. சுவர் உறுதியென்று எஞ்சினியர் சொன்னால் விட்டுவைக்கிறோம் என்றது கவுன்சில்.

தேவராஜா வந்தார். ஸ்குரூ டிரைவரால் சுவரில் குத்தினார். மரம் மாவாக உதிர்ந்தது.

“இதுக்குள்ள ஒண்டுமில்லை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பனைக்குக் கெட்டியான வைரம் வெளியில்; உள்ளே வெறும் நாரும் மெத்தென்ற சோறும். வெளிப்பக்கம் போனால் எல்லாம் போச்சு. துளைபோட்டுப் பார்க்கும் கருவி காரில்தான் கிடந்தது. மரம் தெரிந்த மனிதருக்கு அது எதற்கு? நிற்காது, இடிக்க வேண்டியதுதான் என்று அவளிடம் சொன்னார்.

“மரம் தெரிந்தவர் சொல்கிறீர்கள்” என்றாள் மிஸ் ஹார்ப்பர்.

இடிக்கிற அன்று புல்டோசர் இரண்டு தரம் முட்டியும் வீடு அசையவில்லை. மூன்றாம் தரம்தான் மூலை விட்டுக்கொடுத்தது. லொறியில் ஏற்றுவதற்காக மெசின் வாளால் மரங்களைத் துண்டுபோட்டார்கள். விரலளவு மேல்தோல்தான் உளுத்திருந்தது. அதற்குள்ளே, நடு மையம் வரைக்கும், இறைச்சிச் சிவப்பில் வைரம். இந்த மரங்களுக்கு வைரம் உள்ளே என்று அவர் படித்துப் பாஸ் பண்ணியவர்தான். பாழாய்ப்போன கை பனையை விட்டு வரவில்லை. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது துக்கம். நூறு வருஷம் நின்றதை ஒரு குத்தில் சாய்த்துவிட்டாரே.

மிஸ் ஹார்ப்பர் வந்து, வெட்டின முகத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

“இது நின்றிருக்குமா, மிஸ்டர் ராஜா?”

இல்லையென்று சொல்லலாம். அவள் நம்புவாள்; போன முறையும் நம்பினாள்.

“ஓம்” என்றார். ஆமென்பது யாழ்ப்பாணத் தமிழில் வந்துவிட்டது.

அவளுக்கு விளங்கவில்லை. தொண்டையைச் செருமுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, கையை மரத்திலிருந்து எடுக்காமல், பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதை அவர் இங்கிலீசிலும் சொல்ல வேண்டியிருந்தது.