பத்து எண்ணும் வரை

அலுவலகத்தில் அவளை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேருக்கு நேராகவே. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. குடிநீர் வழங்கும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவு அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினெட்டு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிரிவில் மீறக் கூடாத சட்டம் ஒன்று உண்டு. அழைப்பில் மூன்று வினாடிக்கு மேல் மௌனம் இருக்கக் கூடாது. இருந்தால் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கும். மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் யார் யாருக்கு எத்தனை பொட்டு என்று எல்லோர் முன்னாலும் படிப்பார்.

அவளுக்குப் பொட்டே விழாது. எதிர்முனையில் இருப்பவர் மூச்சை இழுப்பதற்குள், "குழாயில தண்ணி வரல, சரிதானே? எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க" என்று முடித்துவிடுவாள். ஒரு தடவை, தண்ணீர் இப்போது நன்றாக வருகிறது என்று நன்றி சொல்லக் கூப்பிட்ட ஒரு பெரியவரின் பெயரிலும் புகார் பதிவாகிவிட்டது. வண்டி போயிற்று. ஆட்கள் குழாயைத் திறந்து பார்த்து, பெரியவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் மறுபடியும் நன்றி சொல்லக் கூப்பிட்டார். அதையும் அவள் முடிக்க விடவில்லை.

அப்பேர்ப்பட்டவள்தான் நாற்பத்து நாலு வயதில் வாத்தியார் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். அதுவும் இத்தாலியில்.

அங்கே தங்கை இருந்தாள். மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பள்ளியில் ஒரு இடம் காலியாகிறது என்று அவள்தான் சொன்னாள். பள்ளிக்காரர்கள் கணினியில் முகம் பார்த்துப் பேசினார்கள், பிடித்துப்போயிற்று. இரண்டே நிபந்தனை. கடைத்தெருவில் பேசிச் சமாளிக்கும் அளவுக்காவது இத்தாலி மொழி தெரிந்திருக்க வேண்டும், கையில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் வந்து சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். "இதை விட்டா இன்னொண்ணு வராதுக்கா" என்று தங்கை சொன்னது அவளுக்கு எழுந்தாலும் உட்கார்ந்தாலும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து வீடு பள்ளிக்கூடம் ஆயிற்று. கதவு, நாற்காலி, குழாய், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றின் மேலும் இத்தாலிப் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகள் ஒட்டின. குழாய்ச் சீட்டு தினமும் நனைந்து விழுந்தது, அவள் தினமும் புதிதாக எழுதினாள். மின் பெட்டியில் ஒட்டியிருந்ததை மட்டும் அவள் கணவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிழித்துப் போட்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மின் பெட்டியில் காகிதம் ஒட்டினால் பிடிக்காது.

அவருக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. பக்கா கல்லுளிமங்கன். காலையில் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார், சாயங்காலம் கிரீஸ் கையோடு வருவார். இடையில் நடந்தது எதுவும் வீட்டுக்குள் வராது. வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், "அப்பாகிட்ட கேட்டியாம்மா?" என்று போனில் கேட்டாள். கேட்டாயிற்று, சரி என்றார் என்று இவள் சொன்னாள். பொய் இல்லை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்தான். "இத்தாலி போயிடலாமா? உங்களுக்குச் சரிதானே? லிஃப்ட் இல்லாத ஊரு எங்க இருக்கு, வேலைக்கு என்ன கவலை?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆட்டினாரா, காதுக்குப் பின்னால் ஒட்டிய சோப்பு நுரையைத் தோளில் துடைத்தாரா என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது யோசித்தாள். ஏனென்றால் அவருக்கென்று வாங்கிவந்த பாடப்புத்தகத்தின் அட்டை இன்னும் மடங்கவே இல்லை. குடும்பத்தோடு குடியேறுவதற்கான படிவம் ரேடியோவுக்கு அடியில் கிடந்தது. அவளுடைய பகுதி நிரம்பியிருந்தது, அவருடைய கையெழுத்து இடம் காலி. திங்கட்கிழமை கடைசி நாள். படிவத்தின் மேல் ஒரு பேனாவை வைத்தாள். மறுநாள் பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது, படிவம் அப்படியே கிடந்தது. இன்னொரு பேனா வைத்தாள். வாயைத் திறந்து கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

பயிற்சி வகுப்பும் உருப்படியாக நடக்கவில்லை. சனிக்கிழமை தோறும் காலையில், பன்னிரண்டு வாரம். மற்ற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த சிலர் மாணவர்களாக உட்காருவார்கள். ஒரு தையல்காரி, இரண்டு டாக்ஸி ஓட்டுநர்கள், ஒரு நர்ஸ், ஒரு ரொட்டிக் கடைக்காரர். பயிற்சி பெறுகிறவர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் பயிற்சியாளர், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஒரு தாளோடு உட்கார்ந்திருப்பார். ஆசிரியர் பேசினால் தாளில் ஒரு கோடு, மாணவர் பேசினால் ஒரு புள்ளி. அதனால் அவருக்கு அவள் வைத்த பெயர் கோட்டுத் தம்பி.

பதினோராவது வாரம் கோட்டுத் தம்பி அவள் தாளை மேஜை மேல் விரித்தார். மழை பெய்த மாதிரி முழுக்கக் கோடுகள். புள்ளி மூன்றே மூன்று. அதில் ஒன்று நர்ஸ் இருமியது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"மேடம், நீங்க நல்லாக் கேள்வி கேக்கறீங்க. ஆனா பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. அப்புறம் அவங்க எதுக்கு வந்து உக்காந்திருக்காங்க?"

அடுத்த வாரம் நடப்பதுதான் தேர்வு. அதிலும் இப்படியே போனால் சான்றிதழ் கிடையாது என்றும், கேள்வி கேட்டதும் மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பத்து. அவளுக்கு மூன்றைத் தாண்டினாலே கண்ணுக்குள் சிவப்புப் பொட்டு மினுக்கும். பேருந்தில் இத்தாலி எண்களை முணுமுணுத்துப் பழகினாள். ஊனோ, தூவே, த்ரே. எண்ணுவது எண்ணுகிறோம், இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கட்டும் என்ற கணக்கு. ஏழுக்கு அந்த மொழியில் செத்தே என்று பெயர். ஏழாவது வினாடியில் ஆசிரியையின் கதி என்ன என்பதை அவர்கள் முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் பழகிப் பார்த்தபோது ஒரே நாளில் நாலு பொட்டு விழுந்தது. மேற்பார்வையாளர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

தேர்வு நாள் வந்தது. பாடம், பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்வது. முதல் கேள்வியை ரொட்டிக் கடைக்காரரிடம் கேட்பது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். சாதுவான மனிதர். பதினோரு வாரமாக அவள் எது கேட்டாலும் அழகாகத் தலையாட்டுவார். உங்களுக்கு ரொட்டி சுடப் பிடிக்கும், சரிதானே? ஆட்டுவார். இந்த வகுப்பு பிடித்திருக்கிறது, சரிதானே? அதற்கும் ஆட்டுவார். வகுப்பிலேயே தன்னை மிகவும் பிடித்த மாணவர் அவர்தான் என்று அவள் நம்பியிருந்தாள்.

"உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் பேசவில்லை. ஊனோ, தூவே. அவர் சிரித்தார். த்ரே. நாக்கு நுனி வரை பதில் வந்து முட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்ஸிக்காரர்களில் ஒருவர் காலை மாற்றிப் போட்டார். ஆறில் காது அடைத்தது. ஏழில் உயிரே போயிற்று. எட்டில் ரொட்டிக் கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"எனக்கு ரொட்டி பிடிக்காது" என்றார், ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "வகுப்பும் பிடிக்காது. அண்ணன் சேர்த்துவிட்டார். ரயில் பிடிக்கும்."

வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். தையல்காரி, ரயில் எதற்குப் பிடிக்கும் என்று தானாகவே அவரைக் கேட்டாள். அவர் சொன்னார். நர்ஸ் குறுக்கே புகுந்தாள். டாக்ஸிக்காரர்கள் ரயிலுக்கு எதிராகப் பேசினார்கள். அரை மணி முடிந்தபோது கோட்டுத் தம்பியின் தாளில் எறும்புப் புற்று உடைந்த மாதிரி புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. அவர் எழுந்து வந்து கை கொடுத்தார். சான்றிதழ் புதன்கிழமை தயாராகிவிடும் என்றார்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தங்கைக்குச் செய்தி அனுப்பினாள், தங்கை வாழ்த்துப் படங்களாக அனுப்பித் தள்ளினாள். ஆனால் பேருந்தில் உட்கார்ந்ததும் ரொட்டிக் கடைக்காரரின் தலையாட்டல்தான் நினைவுக்கு வந்தது. பதினோரு வாரம் அந்த மனிதர் தலையாட்டியதை எல்லாம் அவள் ஆமாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். அவர் சொன்னது ஒரு தடவைகூட அது இல்லை. அப்படியானால் மார்ச் மாதத்துத் தலையாட்டல்? அதற்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது? மகளை விடுதியில் சேர்த்தபோது? இருபத்து இரண்டு வருடத்தில் அவர் வாயால் சரி என்று சொன்ன ஒரு நாளை நினைவுபடுத்திப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அவள் குரல்தான் கேட்டது. அவமானமாக இருந்தது. நிறுத்தம் வந்ததுகூடத் தெரியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

வீட்டில் இன்னும் வெயில் இருந்தது. அவர் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, லிஃப்ட் கதவின் சின்ன உருளை ஒன்றைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பாஸ் என்று சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது, அது நிஜம்தான். எழுந்து அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அவள் ரேடியோவைத் தூக்கிப் படிவத்தை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தாள். பேனாவை வைக்கவில்லை.

"உங்களுக்கு வர விருப்பமா?" என்றாள்.

வாய் தானாகவே "சரிதானே" என்று திறந்தது. மூடிக்கொண்டாள். எண்ணத் தொடங்கினாள்.

அவர் உருளையைத் துடைத்தார். பத்து போயிற்று. தண்ணீர் கொதித்தது, அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பதினைந்து. ரொட்டிக் கடைக்காரருக்கு எட்டே போதுமாக இருந்தது. வெந்தி, அது இருபது. முப்பது வந்தது. அதுவரைக்கும்தான் பாடம் முடிந்திருந்தது, அதற்கு மேல் எண்கள் தெரியாது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாவது முறை நாலில் அவர் பேசினார்.

"எனக்குப் பயமா இருக்கு."

அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

"லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிட்டா, திறக்கறதுக்கு நேரம் ஆகும். சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். உள்ள இருக்கறவங்க கத்துவாங்க, கதவை அடிப்பாங்க. நான் வெளியில நின்னு பேசிக்கிட்டே இருப்பேன். வேலை செய்யறது கை. வாய் பேசிக்கிட்டே இருக்கும். எனக்குப் பேச வர்றது அது ஒண்ணுதான். அங்க போயி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் அழுதா, நான் என்னன்னு சொல்றது?"

இந்த மனிதர் ஒரு மணி நேரம் பேசுவார். ஊரெல்லாம் கதவுகளுக்குப் பின்னால் இருந்து முன்பின் தெரியாதவர்கள் கேட்டிருக்கிறார்கள், அவள் கேட்டதில்லை. இது அவளுக்கு எங்கேயோ ஆழமாகக் குத்தியது. சமாதானம் சொல்லப் பத்துப் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. அங்கே வேறு வேலை பார்க்கலாம், மொழி தானாக வந்துவிடும், தங்கை இருக்கிறாள். ஒன்றையும் சொல்லவில்லை.

"அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த முறை எண்ண வேண்டியிருக்கவில்லை. அவர் துணியைக் கீழே வைத்தார். சாத்தியிருந்த சமையலறைக் கதவைப் பார்த்தார். அதில் 'போர்த்தா' என்று அவள் ஒட்டிய சீட்டு ஒரு மூலை கழன்று தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, அவள் இதுவரை கேட்டிராத நிதானமான ஒரு குரலில் சொன்னார்.

"பயப்படாதீங்க. நான் வெளியிலதான் நிக்கிறேன். காத்து வந்துக்கிட்டுதான் இருக்கும், மூச்சு முட்டாது. கீழ உக்காந்துக்கங்க. கதவு திறக்கற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

பிறகு படிவத்தை அவள் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

"நீ செப்டம்பர்ல போ. உன்னைத் தடுக்க மாட்டேன். இந்த நாலு வரி அந்த மொழியில என் வாய்க்கு வந்ததும் வரேன். வரலைன்னா, தெரியல."

அந்தத் 'தெரியல'யை அவள் சரிதானே போட்டு மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டாள், வலித்தது. திங்கட்கிழமை படிவத்தில் அவளுடைய பகுதி மட்டும் போகும், விமானத்தில் ஒரு இருக்கை மட்டும் கேட்க வேண்டும், தங்கையிடம் "மாமா அப்புறம் வருவாரு" என்று சொல்ல வேண்டும். வருவாரா என்று தங்கை கேட்டால் அவளும் 'தெரியல' என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகப் பயந்தது இதற்குத்தான், வந்தேவிட்டது. ஆனாலும் இருபத்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்ன பதில் அவள் கையில் இருந்தது.

நோட்டை எடுத்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆறாம் பாடம் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அவர் சொன்னதை முதலில் தமிழில் அப்படியே எழுதிக்கொண்டாள். முதல் வரிக்கு இத்தாலிச் சொற்களை அகராதியில் தேடிப் பக்கத்தில் எழுதினாள். பிறகு நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எழுந்துபோய்ச் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, காத்திருந்தாள்.