சும்மா இருப்பதற்கு ஒரு கடிதம்

அக்கா ஒரு மாதத்துக்கென்றுதான் போனாள். அவளுடைய ஒரே மகள் லக்ஷிகா கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில், ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை செய்கிறாள். அம்மாவை அழைத்துக் கடல் காட்ட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதம் முடியப்போகும்போது லக்ஷிகாவே டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. அக்காவுக்காக இரண்டாவது லீவுக் கடிதத்தையும் நானே எழுதித் தோட்ட ஆபீசில் கொடுத்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அக்கா அங்கே முப்பத்திரண்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். நான் பண்டாரவளையில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் இறந்ததிலிருந்து அக்காவோடுதான் இருக்கிறேன். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா அக்காவின் வேலையோடு சேர்ந்தது. ஆபீஸ் செக்ரோல் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும்வரைதான் அது எங்களுடையது.

காலை ஆறு மணிக்கு, நான் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அக்கா கூப்பிடுவாள். அங்கே முதல் நாள் இரவு எட்டரை.

"நீங்க இன்னும் நேத்துலயே இருக்கீங்க" என்பேன்.

"ஆமாடி, இங்க எதுக்கும் அவசரமில்ல" என்பாள்.

மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரி பெரிய தொப்பி ஒன்று கொடுத்தாளாம். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாளாம். "காலுக்குக் கீழ மண்ணு நழுவுது விஜி, யாரோ இழுக்குற மாதிரி" என்று சிரித்தாள். அவளுடைய இந்தச் சிரிப்பை நான் முன்பு கேட்டதில்லை. அதைச் சந்தோஷத்தோடு கேட்டேன் என்று சொல்ல முடியாது. போனை வைத்த பிறகு காம்பராவில் ஒருவருக்கு மட்டும் ஊற்றிய தேநீர் இருக்கும். கதவுக்கு வெளியே மழை.

ஒரு நாள் கேட்டேன். "அப்ப நாள் முழுக்க என்னதான் செய்றீங்க?"

"சும்மா ஒக்காந்திருக்கேன். இங்க எனக்குத் தெனமும் முழுப்பேருடி!"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர். சும்மா உட்கார்ந்ததற்கு முழுப்பேர் என்பது அக்காவின் பகிடி. எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

அன்று பஸ் நிற்குமிடத்தில் முருகையா கங்காணி கேட்டார். "என்னா விஜி, அக்கா எப்ப வருது?"

"அவங்களுக்கு அங்க தெனமும் முழுப்பேராம்" என்றேன். சிரிக்காமல் சொன்னேன்.

"அப்புடியா? பரவாயில்லயே" என்றார் அவர். அதற்குள் பஸ் வந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அக்கா ஜெயலெட்சுமி வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தெரிகிறதாம், செக்ரோலிலிருந்து பெயரை வெட்டப் போகிறார்களாம்.

கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பெரிய கிளாக்கர் குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், குரல் உயர்த்தாதவர். அவர் மேசைக்கு எதிரே வாங்குப் பலகையில் இரண்டு பெண்கள் ஏதோ படிவத்தோடு காத்திருந்தார்கள்.

"அவங்க வேலை செய்யலீங்கய்யா. லீவுலதான் இருக்காங்க."

"மூண்டு மாசம் லீவோ? இஞ்ச பாருங்கோ பிள்ளை, வேலைக்குப் போனா எண்டால் நான் நம்புவன். கொழுந்து எடுக்கிற மனுசி கடற்கரையில சும்மா இருக்கிறா எண்டு துரையிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்களுக்கும் அந்தத் தீவுல ரெண்டு எடம் பாத்துச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி.

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பார்க்கப் பார்க்க எனக்கே பயம் வந்தது. ஒன்றில் அக்கா முற்றம் கூட்டுகிறாள். ஒன்றில் லக்ஷிகாவின் சிநேகிதிகளுக்கு வடை சுடுகிறாள். ஒன்றில் யாருடைய பிள்ளையையோ தூக்கி வைத்திருக்கிறாள். கடற்கரை நாற்காலியில் எடுத்த ஒரே படத்தில், கிளினிக்கில் நம்பர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவள் போல விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"இது வேலை செய்யிற ஆள்தானே" என்றார் குமாரசிங்கம். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒண்டு செய்யலாம். வாற திங்கள் பெரட்டில அவ வந்து நிக்கட்டும். நான் பேரில கை வைக்க மாட்டன்."

பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். எளிய வழி அது. ஒரு தடவை கூப்பிட்டுச் சொன்னால் போதும், அக்கா அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். ஒரு கேள்வி கேட்கமாட்டாள். டிக்கெட்டுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே என்று சொல்லவும் மாட்டாள். திங்கட்கிழமை காம்பராவில் இரண்டு தேநீர் இருக்கும். நான் விரும்பியது அதைத்தான். பஸ் நிற்குமிடத்தில் சிரிக்காமல் பேசியதும் அதற்காகத்தான். அந்த மேசை முன்னால் நிற்கும்போதுதான் அதை எனக்கே சொல்லிக்கொண்டேன். சிரிக்காமல் சொன்ன அந்த ஒரு வரியிலேயே என் காரியம் முடிந்திருந்தது.

"அய்யா, முழுப்பேருன்னு அவங்க பகிடிக்குச் சொன்னாங்க. கங்காணிக்கிட்ட நெசம் மாதிரி சொன்னது நான்தான்."

"ஏன்?"

வாங்கில் இருந்த இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"பொறாமைங்கய்யா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகவே துடைத்தார் என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"அதை எழுதவேண்டாம். அவ அங்க என்ன செய்யிறா எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. வாற திகதியையும் போடுங்கோ. அந்தத் திகதி தவறினால் நான் ஒண்டும் செய்யேலாது. நீங்கள் காம்பராவை விடவேண்டி வரும். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

புத்தகக் கடையில் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தாளில் முதல் வரி வரவில்லை. 'ஓய்வெடுக்கிறார்' என்று எழுதி வெட்டினேன். நோயாளி போல இருந்தது. 'சுற்றுலா சென்றுள்ளார்' என்பது வேறு யாரையோ பற்றியதாக இருந்தது. கடைசியில் எழுதினேன்: 'எனது அக்கா ஜெயலெட்சுமி அங்கே எந்த வேலையும் செய்யவில்லை. மகளோடு சும்மா இருக்கிறார்.' கீழே ஐந்து வாரம் தள்ளியிருந்த திகதியைப் போட்டேன்.

குமாரசிங்கம் வாசித்தார். ஃபைலில் வைத்தார். பெயர் வெட்டப்படவில்லை.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள். "ஆபீசுல யாராச்சும் என்னயக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சும்மா இருக்காங்கன்னு சொன்னேன்."

"அடியேய்! அப்புடியேவா சொன்ன?"

"எழுதியே குடுத்துட்டேன்."

அக்கா சிரித்துக்கொண்டே லக்ஷிகாவிடம் அதைச் சொல்வது கேட்டது. பிறகு குரல் தணிந்தது. "உனக்குத் தனியாக் கஷ்டமா இருந்தா சொல்லு விஜி. வந்துர்றேன்."

வெளியே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. கங்காணியிடம் நான் சொன்ன பொய்யை அவளிடம் ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்குச் சொன்னால் உடனே கிளம்பி வந்துவிடுவாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா வராதீங்க. டிக்கெட்டுல இருக்குற தேதிக்கு வந்தாப் போதும்."