இரண்டாவது பாக்கெட்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் என் குடல்.

பல்லடம் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி முடிந்து, வெள்ளிக்கிழமை காலை அங்கே படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ராஜவேல் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

“ஒண்ணுமே தெரியலைங்க. குடல் சுத்தமாகலை. மறுபடி வரணும்.”

முந்தின நாள் பேதிப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவன் நான். அந்த மனிதர் ஏன் ஒழுங்காகக் குடிக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2.

முதல் தொடக்கம்: ‘சீனிச்சாமிக்குப் பரிசோதனை என்றாலே பயம். அதனால்—’

(அடித்துவிட்டேன். மூன்று மாதமாக மலத்தில் ரத்தம். பயந்திருந்தால் பரிசோதனை மேசை வரைக்கும் வந்திருப்பாரா?)

இரண்டாவது: ‘பொடியின் உப்புச் சுவை குமட்டவே, மீதியைச் சீனிச்சாமி—’

(இதுவும் போச்சு. குமட்டியது எனக்கு. அதைத் தூக்கி அவர் தலையில் கட்டப் பார்த்தேன்.)

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குச் சீனிச்சாமி என்ற பெயர் நான் வைத்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி தேய்க்கிறவர்.

3.

நர்ஸ் சாரதாமணியை முதலில் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. சீனிச்சாமி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க, ரெண்டு பாக்கெட்டும் குடிச்சீங்களா?”

“ஒண்ணு குடிச்சேன்ம்மா.”

“இன்னொண்ணு?”

“வாங்கல. மாத்திரைய அரை அட்டை வாங்குதோம்லா, அது மாதிரி. சனிக்கெழம சம்பளம் போட்டதும் இன்னொண்ணு வாங்கிக் குடிச்சிரலாம்னு நெனச்சேன்.”

திருப்பூரில் சம்பளம் வாரக்கூலி. வியாழக்கிழமை யார் சட்டைப்பையிலும் காசு தங்காது. பரிசோதனையோ வெள்ளிக்கிழமை.

“உங்க மொதலாளியக் கேட்டிருக்கலாமில்லீங்க?”

“டெஸ்டுக்கு அவுகதான் கட்டுனாக. அதுக்கு மேலயும் எப்படிம்மா கேக்க?”

ஆனை வாங்கித் தந்தவரிடம் அங்குசமும் கேட்பதா என்று கூச்சம். எனக்குச் சுருக்கென்றது. நான் விலையைக்கூடப் பார்க்காமல் இரண்டு பாக்கெட்டையும் வாங்கி வந்தவன்.

4.

சாரதாமணி டாக்டரைத் திரைக்கு வெளியே நிறுத்திக் கேட்டார்.

“சார், நீங்க எழுதற பொடி என்ன விலைன்னு தெரியுங்களா?”

டாக்டருக்குத் தெரியவில்லை. பதினொரு வருஷமாக ஒரே கம்பெனிப் பொடியைத்தான் எழுதியிருக்கிறார். சாரதாமணி விலையைச் சொன்னதும், சீட்டை வாங்கித் தான் எழுதியிருந்ததை அடித்தார்.

(இங்கே டாக்டரைக் கெட்டவராக்கினால் கதைக்குச் சூடு ஏறும். ஆனால் மனிதர் கெட்டவரில்லை. விலை கேட்டதில்லை, அவ்வளவுதான்.)

“அதே மருந்து வேற கம்பெனியில பாதி வெலைக்கு இருக்குது. அதை எழுதறேன். நம்ம மெடிக்கல்லயும் வாங்கி வெக்கச் சொல்லுங்க. திரும்பப் பாக்கறதுக்கு அவருகிட்டக் காசு வேண்டாம். புதன்கிழமை வரட்டும்.”

“திங்கக்கெழம போடுங்க சார். சனிக்கெழம சம்பளம். ஞாயித்துக்கெழம லீவு, ஊட்டுல இருந்து குடிப்பாரு. பொடி குடிக்கற நாளுக்குக் கூலியும் போகாது.”*

எவ்வளவு சின்ன விஷயம். ஒரு கிழமையை மாற்றுவது. எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

* அடிக்குறிப்பு: சீனிச்சாமி இருப்பது லைன் வீடு. ஐந்து குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்களே? சாரதாமணி அதையும் கேட்டார். “அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருதேன்ம்மா” என்றார் சீனிச்சாமியின் மனைவி கருத்தம்மா. இது என் மூளைக்கு எட்டியிருக்காது.

5.

முடிவு அ: ‘வெறும் மூலம்தான். சீனிச்சாமி சிரித்துக்கொண்டே—’ (பாயசம் மாதிரி இருக்கிறது.)

முடிவு ஆ: ‘கட்டி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே—’ (கனமாக இருக்கிறது. அடுத்தவர் குடலில் என் கதைக்குக் கனம் தேடுகிறேனோ என்று என் மேலேயே கோபம் வருகிறது.)

திங்கட்கிழமை என் ரிப்போர்ட் வாங்கப் போனேன். பரிசோதனை அறை வாசலில் சீனிச்சாமி, பக்கத்தில் கருத்தம்மா.

“முழுசும் குடிச்சீங்களா?” என்றார் சாரதாமணி.

“குடிச்சேன்ம்மா. பாக்கெட்டையும் கழுவிக் குடிச்சேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அரை மணி கழித்துச் சாரதாமணி வெளியே வந்தார். என்னவென்று கேட்டேன்.

“அதைச் சொல்லக் கூடாதுங்க. அது அவருது.”

என்னைத் தாண்டிப் போய், “வாங்க, டாக்டர் கூப்புடறாரு” என்று கருத்தம்மாவின் கையைப் பிடித்தார்.

டாக்டர் அந்த அம்மாவிடம் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கருத்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். என்னால் முடியவில்லை.