உள்தாழ்ப்பாள்

பிரார்த்தனைக் கூடத்தில் வெல்டருக்கு வைத்த பட்டப்பெயர் கமாண்டர். மிரட்டல் போன்கள் வர ஆரம்பித்ததும் பாதுகாப்புக் குழு என்று ஒன்றைப் போட்டு, இவனைத் தலைவனாக்கினார்கள். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தான். குழந்தைகள் வகுப்பறைக்குத் தானே இரும்புக் கதவு அடித்து, உள்பக்கம் கட்டைவிரல் பருமனில் தாழ்ப்பாள் வைத்தான். மாதாமாதம் ஒத்திகை வேறு. "கமாண்டர் வந்துட்டாரு, ஓடுங்கப்பா!" என்று கிண்டலடிக்காத ஆள் கிடையாது.

அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "தாழ் போட்டா போட்டதுதான். போலீஸ் பின்பக்க ஜன்னல்ல வந்து சொல்ற வரைக்கும் யாருக்கும் திறக்கக் கூடாது. நானே கதறினாலும்."

கதவுக்குப் பொறுப்பு அவன் மனைவி. தையல் கடை வைத்திருப்பவள். வாரம் ஒருநாள் அந்த வகுப்பறையில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பாள். போன ஒத்திகையில் இவன் வெளியே நின்றுகொண்டு "ஐயோ, வெட்டுறாங்கடி!" என்று நாடகம் போட, பாவம், பதறிப்போய்த் திறந்துவிட்டாள். அத்தனை பேர் எதிரில் அவளைக் கிழி கிழியென்று கிழித்தான். "முடிஞ்சுது. உள்ள இருந்த புள்ளைங்க பூரா செத்தாச்சு. நீதான் கொன்ன." அன்று அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

அடுத்த வாரமே நிஜமாக வந்துவிட்டார்கள், மூன்று பேர். பட்டப்பகல், கூடம் நிறைய ஜனம். "வாங்க வாங்க" என்று எழுந்த காவலாளியின் கழுத்தில் முதல் வெட்டு விழுந்தது. அப்புறம் நாற்காலிகள் உருளுகிற சத்தமும் அலறலும்தான். வெல்டர் நடைவழியில் திரிந்த பிள்ளைகளை வாரி வாரி வகுப்பறைக்குள் எறிந்தான். கடைசிப் பிள்ளையைத் தள்ளிவிட்டு, "போடு தாழை!" என்று கத்தினான். போட்டாள்.

உள்ளே மேசைகளுக்கு அடியில் குழந்தைகள். ஒன்றுகூட இவள் பெற்றதில்லை. இவளுக்குப் பிள்ளையே இல்லை. சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியார் ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கதவில் எதையோ கொண்டு மோதினார்கள். மோதியது அவன் உடம்பு.

"உள்ள யாருடா? திறக்கச் சொல்லு!"

அவன் வாயைத் திறக்கவில்லை. இரும்புக் கம்பி எலும்பில் இறங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும். கதவுக்கு அடியில் ரத்தம் கசிந்து உள்ளே வந்தது. அப்புறம் அவன் உடைந்தான்.

"திறடி... தாங்க முடியலடி... கையை நசுக்குறாங்க... திற!"

மாமியார் எழுந்து ஓடி வந்தாள். "என் புள்ளடி! தள்ளு!"

"அத்தை, வேணாம் அத்தை!"

"எவ எவளோ பெத்ததுக்கு என் புள்ளையைக் காவு குடுக்குறியா, பாவி!" கிழவி அவள் முடியைப் பிடித்து இழுத்தாள், தோளைக் கடித்தாள், தாழ்ப்பாளைப் பாதி இழுத்தும்விட்டாள். இவள் முழங்கையால் முகத்திலேயே ஒன்று விட்டாள். வாழ்நாளில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். மாமியார் உதடு கிழிந்து கீழே விழுந்தாள். இவள் தாழை மறுபடி தள்ளி, அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு நின்றாள். திறக்கத்தான் ஆசை, திறந்து அவனை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் உடம்பெல்லாம் துடித்தது. ஒரு பொடிசு அவள் காலைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றது.

வெளியே அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர். அதற்கும் அவள் அசையவில்லை.

சைரன் கேட்டதும் அவர்கள் ஓடிவிட்டார்கள். ஜன்னலில் போலீஸ்காரர் முகம் தெரிந்த பிறகுதான் திறந்தாள். கதவில் சாய்ந்து கிடந்தவன் அப்படியே அவள் காலடியில் சரிந்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கூழாகியிருந்தது. இனி அந்தக் கையால் வெல்டிங் ராடு பிடிக்க முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பெற்றவர்கள் கும்பலாக வந்தார்கள். சிலர் அவள் காலிலேயே விழுந்தார்கள். "கமாண்டர் சொன்னபடியே நின்னீங்களேம்மா!" என்று அழுதார்கள். அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். உதடு வீங்கிய மாமியார் வாசலோடு சரி, உள்ளே வரவில்லை.

எல்லாரும் போன பிறகு அவன் கேட்டான்.

"ஒத்திகை மாதிரி நடிக்கிறேன்னு நெனச்சியா?"

அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் அதோடு போயிருக்கும்.

"இல்ல. நிஜமாத்தான் கூப்பிடுறீங்கன்னு தெரியும்."

"அப்பவே தெரியுமா?"

"முதல் சத்தத்துலயே தெரியும். உங்க குரல் எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அவன் தன் கையை அவள் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டான்.