நேபல்கோட்டர், தற்சமயம் ஒருவர்

1

இந்தக் கதை ஒரு புள்ளியிலிருந்து வந்தது. குடும்பப் பெயர்களுக்கென்று ஓர் இணையதளம் இருக்கிறது. ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயர்க்காரர்கள் எந்தெந்த நாட்டில் எத்தனை பேர் என்று உலக வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும். வேறு எதையோ தேடிப் போன இடத்தில் ஒரு ஜெர்மன் பெயர் அகப்பட்டது. ஜெர்மனியில் புள்ளியே இல்லை. இருந்த ஒரே புள்ளி அமீரகத்தின் கிழக்குக் கரையில், புஜைராவில் இருந்தது. எண்ணிக்கை: ஒன்று.

இத்தகைய தளங்களின் கணக்கை முழுக்க நம்பக் கூடாது என்பார்கள். நானும் நம்பவில்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்ற கேள்வி எழுந்து போகமாட்டேன் என்றது. உண்மைப் பெயரை எழுத வழியில்லை. ஒருவர்தான் இருக்கிறார் என்றால் பெயரைச் சொல்வதும் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்வதும் ஒன்று. ஆகவே நேபல்கோட்டர் என்று நானே ஒரு பெயரைச் செய்துகொண்டேன். [அப்படி ஒரு குடும்பம் எங்காவது உண்மையிலேயே இருந்தால், அவர்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.]

2

முதலில் அந்த ஒருவரை வயதான கப்பல் கேப்டனாக வைத்து ஆரம்பித்தேன்:

"எண்ணெய்க் கப்பல்கள் வரிசை கட்டி நின்ற அந்த மாலையில், தன் வம்சத்தின் கடைசி மனிதரான கிழவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து—"

நிறுத்திவிட்டேன். கடைசி மனிதராக இருப்பதற்கென்றே பிறந்தவர் போலிருந்தார். இரண்டு பத்தி போனால் ஒரு பூனையும் கேட்பார்.

இரண்டாவது தொடக்கம் நிலைத்தது. அது இது:

நளினி நேபல்கோட்டர் உடுமலைப்பேட்டைக்காரி.

வயது நாற்பத்தொன்று. புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றின் லேபில் வேலை. கப்பலில் ஏறும் எண்ணெயின் மாதிரியைச் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள். கேட்டில் நிற்கும் நேபாளக் காவலாளிகளுக்கு அவள் பெயரின் முன்பாதியே போதும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் ஒரு தடவை அவளிடம் நேபாளியில் ஊர் விசாரித்து ஏமாந்துபோவார்கள். உடுமலையில் பின்பாதிதான் பிரபலம். "மாப்பிள்ளைக்குப் பேர்லயே கோட்டர் இருக்குதுங்க" என்று கல்யாணத்தன்று பெரியப்பா மகன் சொன்னது இன்னும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை ஹோல்கர். துறைமுகத்தில் கப்பல்களை ஆய்வு செய்யும் சர்வேயர். ஏழு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் குனிந்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. [இந்த மரணத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதி, பிறகு எடுத்துவிட்டேன். கதை அதைப் பற்றியதல்ல என்று எனக்குத் தோன்றியது. நளினியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.]

3

ஹோல்கர் அதிகம் பேசுகிறவர் அல்ல. தன் பெயரைப் பற்றிக் கேட்டால் மட்டும் தட்டிலிருக்கும் தோசை ஆறிப்போகும்வரை பேசுவார்.

நேபல் என்றால் மூடுபனி. கோட்டர் என்றால் துண்டு நிலமும் ஒரு குடிசையும் மட்டுமே உள்ள சிறு குடியானவன். ஜெர்மனியின் மேற்கே, வெஸ்ட்ஃபாலியாவில், ஈரம் காயாத ஒரு பள்ளத்தில் இருந்த பண்ணைக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அது. அந்தச் சீமையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. (பெயரை நான் செய்தேன், வழக்கத்தை நான் செய்யவில்லை.) பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். பண்ணையில் ஆண்பிள்ளை இல்லாமல் மகள் மட்டும் நின்றால், அவளைக் கட்டிக்கொண்டு வருகிறவன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். ஒரே ஒரு பண்ணைக்கு வைத்த பெயர் என்பதால் அது பெருகவேயில்லை.

"எங்க ஊர்ல வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுவோம். ஆனா இனிஷியல அவன்கிட்டயே விட்டுருவோம்" என்று நளினி ஒருமுறை சொல்லி, இனிஷியல் என்றால் என்ன என்று விளக்குவதில் அந்த மத்தியானமே போயிற்று.

பண்ணை எப்போதோ விலைபோய், அந்த இடத்தில் டயர் கடை வந்துவிட்டது. கல்யாணத்தின்போது உலகத்தில் நேபல்கோட்டர்கள் நான்கு பேர்: ஹோல்கர், அவருடைய அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. நளினியோடு ஐந்து. அக்கா ரெனாட்டே கணவர் பெயருக்கு மாறிவிட்டதால் கணக்கில் வரமாட்டார். பிறகு அப்பா போனார், அம்மா போனார், ஹோல்கர் போனார். போன குளிர்காலத்தில் முதியோர் இல்லத்தில் சித்தப்பாவும் போனார். செய்தி ரெனாட்டேயிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது. நளினி நாலு வரி ஆறுதல் எழுதி அனுப்பினாள். மிச்சம் எத்தனை என்று எண்ணிப்பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அப்போது அவளுக்கு வேறு யோசனை இருந்தது.

4

அந்த யோசனையின் பெயர் அன்பரசன். கரூர்க்காரர், விவாகரத்தானவர். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கட்டடச் செலவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர், கராமாவில் குடியிருப்பு. [என் பாத்திரங்களில் நான் சந்தேகப்பட்டது இவரை. முதல் பிரதியில் பெருந்தன்மையே உருவாக எழுதியிருந்தேன். அப்பேர்ப்பட்டவரோடு நளினி எப்படி ஒரு வீட்டில் காலம் தள்ளுவாள் என்று பட்டது. திரும்ப எழுதினேன்.]

அவருடைய பாஸ்போர்ட்டில் முதலில் ஒற்றைப் பெயர்தான் இருந்தது. ஒற்றைப் பெயரோடு அமீரகத்துக்குள் வருவது தொல்லையான பிறகு, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆபீஸில் அவர் மிஸ்டர் ஐயப்பன். "நாள் முழுக்க எங்கப்பாவத்தாங்க கூப்பிடறாங்க, நான் எந்திரிச்சுப் போறேன்" என்பார்.

கல்யாணம் என்று இருவரும் பேசி முடித்த சமயத்தில் நளினியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. காரை ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி அன்பரசன் சொன்னார்:

"பேரு மாத்தறதுன்னா இதோடயே மாத்திக்கலாம். ஒரே வேலையாப் போயிரும்."

"என்ன பேருக்குங்க?"

"உங்கப்பா பேருக்கு. என் பேருக்குன்னு சொல்லலைங்க." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாதான் கேக்குறாங்க, பத்திரிகையில எப்படிப் போடறதுன்னு."

"உங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

"இருக்குதுங்க" என்றார். "கொஞ்சம் இருக்குது."

அந்தப் பதிலுக்காகவே நளினி மாற்றிக்கொள்வதென்று முடிவுசெய்தாள். அப்பா பெயர் பழனிச்சாமி. நளினி பழனிச்சாமி, பள்ளிக்கூடத்தில் இருந்த பெயர்தானே. கதையை இங்கேயே முடித்திருக்கலாம். யாருக்கும் ஒரு குறையும் இருந்திருக்காது.

5

ரெனாட்டே வந்தார்.

மார்ச் மாதம். குளிருக்குத் தப்பி ஐரோப்பியர்கள் இந்தக் கரைக்கு வரும் பருவம். அறுபத்திரண்டு வயது, நெட்டையான உடம்பு, ஒரு முழங்காலில் வலி. நளினியின் ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் தம்பி வழக்கமாக உட்காரும் நாற்காலி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். [ஒரு பிரதியில் இவர் பெயரைப் பறிக்க வந்த கொடுமைக்காரி, இன்னொன்றில் நளினியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். இரண்டிலும் அவர் பேசுவதற்கு முன்பே என்ன பேசுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருவரும் பேசியது ஆங்கிலம். தமிழில் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பிழை என்னுடையது.]

"என் கணவர் போன வருடம் இறந்தார். எங்கள் சட்டத்தில் விதவை தன் பிறந்த பெயருக்குத் திரும்பலாம். நான் திரும்பப் போகிறேன்" என்றார் ரெனாட்டே.

"நல்லதுதானே."

"எங்கள் ஊரில் ஹோல்கரின் கல்லறைக் கல்லில் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. உனக்காக விட்டு வைத்தது. அதை எனக்குத் தருவாயா?"

நளினி யோசிக்கவே இல்லை. "எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். எடுத்துக்கொள்ளுங்கள்."

ரெனாட்டே தலையசைத்தார். டீயைக் கையில் எடுத்தார், குடிக்காமல் கீழே வைத்தார்.

"நீ மறுபடி கல்யாணம் செய்கிறாய். சந்தோஷம். பெயரை மாற்றுவாயா?"

"மாற்றப் போகிறேன்."

"எப்போது?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"நான் கடைசியாக இருக்க விரும்புகிறேன்." பஸ்ஸில் ஜன்னலோர சீட் கேட்கிற மாதிரி, கூச்சமில்லாமல் சொன்னார். "நானூறு வருடம் இருந்தோம், முடிந்தது. அந்த முடிவு அந்த வீட்டில் பிறந்தவளோடு இருக்கட்டும். நீ அவனால் வந்தவள்."

கொடுப்பதற்காகக் கையில் எடுத்து வைத்திருந்ததைத்தான் கேட்டார். கேட்டதும் நளினியின் கை மூடிக்கொண்டது.

"உங்களுக்கு இருபத்து மூன்று வயதில் கல்யாணம். அன்றைக்கு இந்தப் பெயரை நீங்களாகத்தான் விட்டீர்கள்" என்றாள். "நான் அவர் போன பிறகும் வைத்திருந்தேன். பதினோரு வருடமாக இந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறேன். கப்பலில் இருக்கிறவர்களுக்கு என்னை வேறு பெயரில் தெரியாது. நீங்கள் கடைசியாக இருப்பதற்காக நான் ஏன் இறங்க வேண்டும்?"

குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. ரெனாட்டே கோபப்படவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்கள் தாத்தாவின் அப்பாவும் நேபல்கோட்டர் அல்ல" என்றார். "கிழக்கிலிருந்து அறுவடைக்கு வந்த கூலியாள். பண்ணையில் கணவனை இழந்து நின்றவளைக் கட்டிக்கொண்டான். அவனுடைய சொந்தப் பெயர் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஹோல்கர் இதைச் சொன்னதில்லையா?"

"இல்லை."

"சொல்ல மாட்டான். அவனுக்கு நானூறு வருடம் பிடிக்கும்."

"அறுவடைக்கென்றால், காண்ட்ராக்டிலா வந்தார்?"

"ஒரு பருவத்துக்கு வந்தான்" என்றார் ரெனாட்டே. "போகவில்லை."

6

அன்பரசனிடம் மறுநாள் போனில் சொன்னாள்.

"பேரு மாத்தலைங்க."

"அந்தம்மா வந்து என்னமோ சொல்லிட்டாங்களா?"

"மாத்துன்னுதான் சொன்னாங்க."

சைட்டில் இருந்தார் போல, யாரோ தூரத்தில் ஜல்தி ஜல்தி என்று கத்தினார்கள். பிறகு அவர் கேட்டார்: "உங்களுக்கு அந்தப் பேரு வேணுமா, அவரு வேணுமா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வியென்று நளினி நினைக்கவில்லை. அவளும் அதைத்தான் முந்தின நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலைங்க. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தேன். வரமாட்டேங்குது."

"சரிங்க" என்று வைத்துவிட்டார். அடுத்த சில நாட்கள் போன் இல்லை. நளினி வேலைக்குப் போனாள், வந்தாள். ரெனாட்டேயை ஊரின் பழைய கோட்டைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் கூட்டிப்போனாள். இருவரும் பெயரைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒரு சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது, கல்யாணம் நடக்காது என்று தனக்குள் சொல்லிப்பார்த்தாள். சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

7

இந்த இடத்தில் என்னிடம் சில முடிவுகள் இருந்தன. ஒன்றில் நளினி விட்டுக்கொடுக்கிறாள், ரெனாட்டே விரும்பியபடி கடைசி ஆளாகிறார், எல்லாரும் பத்திரிகையில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். ஒழுங்கான முடிவு. எழுதியபோது என் பேனாவை அன்பரசனின் அம்மா பிடித்திருந்த மாதிரி இருந்தது. இன்னொன்றில் அன்பரசன் விலகிப்போக, நளினி தன்னந்தனியாகக் கடற்கரையில் நடந்து—

[கடற்கரை வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.]

அதற்குள் அன்பரசனிடமிருந்து நளினிக்கு மெசேஜ் வந்தது. "ஞாயித்துக்கிழமை அந்தம்மாவக் கூட்டிட்டு வாங்க. சாப்பிடலாம்."

8

கராமாவில் வாழையிலை போடும் ஓட்டல். மத்தியானக் கூட்டம். அன்பரசன் முன்னதாகவே வந்து இடம் பிடித்திருந்தார். ரெனாட்டேயிடம் "வாங்க மேடம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். நளினியை நேராகப் பார்க்கவில்லை. அவள் இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்தது மட்டும் அவர்தான்.

சாம்பார் முடிந்து ரசம் வரும்வரை வெயிலைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசினார்கள். ரசத்தில் அன்பரசன் ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். பண்ணையில் பெண் இருந்தால், கட்டிக்கொள்ள வருகிறவன்தான் பெயரை மாற்ற வேண்டும் என்று நளினி சொன்னார். அது கட்டாயமா?"

"அந்தக் காலத்தில், ஆமாம்."

"பண்ணையே இல்லையென்றால்?"

ரெனாட்டே ஸ்பூனை வைத்துவிட்டு நளினியைப் பார்த்தார். பிடிக்காத கணக்கைக் கூட்டிச் சொல்கிறவர் போல மெல்லச் சொன்னார். "இப்போதைக்கு இவள்தான் பண்ணை. பழைய முறைப்படி பார்த்தால் நீங்கள்தான் நேபல்கோட்டர் ஆக வேண்டும்."

அன்பரசன் எழுந்து கை கழுவப் போய்விடுவார் என்று நளினி நினைத்தாள். அவரோ மோருக்குச் சோற்றில் குழி பறித்தார். உப்பு எடுத்துப் போட்டார். தமிழில், நளினியிடம் சொன்னார்:

"இத்தன நாள்ல அந்தப் பேர நான் ஒரு தடவ கூட வாய்விட்டுச் சொன்னதில்லைங்க. கவனிச்சீங்களா?"

அவள் கவனித்திருந்தாள். வேறு காரணம் என்று நினைத்திருந்தாள்.

"சரியாச் சொல்ல வரலைன்னு வெக்கம்" என்றார். "வேற காரணமும் இருந்துச்சு. ரெண்டும்தான்." பிறகு ரெனாட்டேயின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "அதை எப்படிச் சொல்ல வேண்டும்?"

அந்த மேசையில் முதல்முறையாக ரெனாட்டேயின் முகம் இளகியது. நேபல் சுலபம் என்றார். சிக்கல் அடுத்த எழுத்தில். அது ஓவும் இல்லை, ஏவும் இல்லை. ஒ சொல்ல உதட்டைக் குவிக்க வேண்டும். குவித்ததைக் கலைக்காமல் உள்ளே எ சொல்ல வேண்டும். தன் உதட்டைக் குவித்துக் காட்டினார். [அவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்துகள் நான் கொடுத்தவை.]

அன்பரசன் மோர்ச்சோற்றுக் கையோடு உதட்டைக் குவித்தார். பக்கத்து மேசையில் யூனிஃபாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நளினி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் காது அந்தப் பக்கமே இருந்தது.

9

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரெனாட்டே ஊர் திரும்பினார், பிறந்த பெயரை வாங்கிக்கொண்டார். கல்யாணம் நடந்தது, அன்பரசனின் அம்மா வந்திருந்தார். இப்போது நேபல்கோட்டர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லப்போவதில்லை. ஒருவரா, இருவரா, மூவரா என்று மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே அந்த மோர்ச்சோற்று நிமிடத்துக்குப் பின்னால் நடந்தவை. எனக்கு அந்த நிமிடத்தைத் தாண்டிப்போக மனமில்லை.

அவர் வாயில் அந்த எழுத்து சரியாக வந்ததா என்று கேட்பீர்கள். தமிழில் அதை எழுத ஓர் எழுத்து இல்லை. இந்தப் பக்கத்தில் நான் எதைப் போட்டாலும் தவறாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள்தான் சொல்லிப்பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. உதட்டை ஒ-வுக்குக் குவியுங்கள். கலைக்காமல், எ.